உறவுமுறைக் கட்டத்தில் ‘தாய்’

படைப்பணியில் உள்ள ஒருவன் காணாமற்போனால், அவனுடைய நெருங்கிய உறவினர் என்று பதிவேட்டில் இருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தியைத் தெரிவிக்க வேண்டும். இது ஒரு விதி. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைக்குத் தத்தெடுத்தவர்களே தாய் தந்தையர். பெற்ற வீட்டோடு அவனுக்கிருந்த பந்தம் தத்துக் கொடுத்த நாளோடு முடிந்தது. இது இன்னொரு விதி. இரண்டும் வேறு வேறு புத்தகங்களில், ஒருவரையொருவர் பார்த்திராத ஆட்கள் எழுதியவை. ரெவின்யூ இலாகாவில் முப்பத்துநான்கு வருஷம் காலம் தள்ளிய நான் இவ்வளவு தெளிவான விதிகளை அதிகம் பார்த்ததில்லை. இவற்றை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் என் தம்பியைப் பற்றிய பதில் ஒரு மாதத்துக்குள் வந்திருக்கும். விதி தெரியாதவன் செய்த தப்பு என்றால் மன்னிக்கலாம். செய்தவன் நான்.

எங்கள் ஊர் செம்பட்டிக்குப் பக்கம். கிணற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர். வெங்காயம், கத்திரி, கொஞ்சம் சோளம். மூன்று பையன்களில் நான் மூத்தவன். அப்பாவின் அண்ணன் படித்து ரயில்வேயில் சேர்ந்து, திண்டுக்கல் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்தார். அண்ணன் தம்பி இருவரும் அக்காள் தங்கை இருவரைக் கட்டியிருந்தார்கள். ஆகவே பெரியப்பாவின் மனைவி எனக்கு இரண்டு வழியிலும் பெரியம்மா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெரியம்மா ஒருநாள் வந்து தங்கையிடம் ஒரு பிள்ளையைக் கேட்டாள். அம்மா ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. மூத்தவனைக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கடைக்குட்டி இடுப்பை விட்டு இறங்காதவன். மிஞ்சியவன் நடுவன். அவனுக்கு ஒன்பது வயது.

கொடுத்ததையும் வாங்கியதையும் நாலு பேர் பார்த்தால்தான் தத்து செல்லும். மடியிலிருந்து மடிக்கு மாற்றினார்கள். ஒன்பது வயதுக்கு அவன் நெட்டை. பெரியம்மா மடியில் உட்கார்ந்தபோது கால் இரண்டும் தரையில் கிடந்தன. பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். பிறகு சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திரம் பதிவானது. அது பெரியப்பாவின் பிடிவாதம். பத்திரம் இருந்தால்தான் ரயில்வே பாஸில் பிள்ளையின் பேரைச் சேர்ப்பார்கள் என்பது அவர் கட்சி. அந்தப் பாஸ்தான் பின்னால் அவனை எங்கள் வீட்டில் யாரும் பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் தேர்வெழுதக் கொண்டுபோயிற்று.

அன்றிலிருந்து பெரியம்மாவை அவன் அம்மா என்றும், அம்மாவைச் சித்தி என்றும் அழைக்க வேண்டும். ஒரு வருஷம் அவன் இருவரையும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் “தண்ணி” என்பான், அவ்வளவுதான். அப்புறம் எந்த நாள் என்று சொல்ல முடியாமல் பழகிவிட்டது. பழகியது அவனுக்கு. அம்மா மட்டும் “சித்தி” என்று கேட்கும்போதெல்லாம் யாரோ பின்னால் நிற்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

ஹைஸ்கூல் படிப்புக்கு என்னையும் பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நான் அங்கே விருந்தாளி, தம்பி வீட்டுக்காரன். சண்டை வந்தால் அவன் சொல்லும் கடைசி வார்த்தை, “இது எங்க வீடு, செத்த நேரம் சும்மா இருங்க அண்ணே.” மரியாதையாகச் சொல்லுவான், அதுதான் பொறுக்காது. சாயங்காலம் இருவரும் பார்சல் ஆபீசுக்குப் போவோம். மதுரை வண்டிக்குப் போகும் மல்லிகைக் கூடைகள், பூட்டு அடுக்கிய மரப்பெட்டிகள், தோல் ஷாப்பிலிருந்து வந்த கட்டுகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடக்கும். மல்லிகையும் பதனிட்ட தோலும் கலந்த அந்த வாசனையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. விரும்பிப் போய் முகரத் தக்கது என்றும் சொல்லமாட்டேன். இன்றைக்கு அது கிடைத்தால் நின்றுவிடுவேன். பெரியப்பா எங்களைப் பார்சல் எடைபோடும் மேடையில் ஏற்றி நிறுத்துவார். அதில் பார்சல் அல்லாததை எடை போடக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கோட்டைக்கு ஏறுவோம். அப்போது மதுரைக்கு வந்துபோகும் விமானம் ஒன்று சில நாட்களில் எங்கள் தலைக்கு மேலே போகும். மற்ற பையன்கள் அது எங்கே போகிறது, உள்ளே யார் இருப்பார்கள் என்று பேசுவார்கள். தம்பி மேற்கே கைகாட்டிக் கேட்டான்:

“அதுல இருந்து பாத்தா செம்பட்டியும் திண்டுக்கல்லு வீடும் ஒரே நேரத்துல தெரியும்ல?”

தெரியும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் என்பவன் தெரியாது என்று சொல்லக்கூடாத காலம் அது.

மதுரையில் கல்லூரி படிக்கையில் என்.சி.சி.யில் சேர்ந்தான். அங்கிருந்து விமானப்படைத் தேர்வு. நாலைந்து நாள் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, குழப்பமான கேள்விகளாகக் கேட்டுத் தேர்வு செய்தார்களாம். பெற்றோர் சம்மதம் என்ற தாளில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா தன் கையெழுத்தும் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியதில்லை என்று நான்தான் சொன்னேன். அப்போது நான் தாலுகா அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேட்காத விதியையும் சொல்லுகிற பருவம்.

பயிற்சி முடித்து அவன் சண்டை விமானத்துக்குப் போனான். ஒரே ஆள் உட்காரும் ஜெட். லீவில் வந்தபோது சட்டென்று திரும்பினால் உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிடும் என்றும், அதைத் தடுக்க ஒரு கால்சட்டை இருக்கிறது, அது காற்றை நிரப்பிக்கொண்டு தொடையை இறுக்கும் என்றும் விளக்கினான். அம்மா வெங்காயம் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“அம்புட்டு ரத்தமும் காலுக்குப் போயிருச்சுன்னா தலைக்கு என்னப்பு செய்வ?”

“தலை இல்லாமத்தான் சித்தி ஓட்டுறோம். தலை இருக்கவங்களை இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க.”

லீவில் வருவதில் அவனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. முதலில் யார் கையால் சாப்பிடுவது? திண்டுக்கல்லில் சாப்பிட்டுவிட்டுப் போனால் செம்பட்டியில் முகம் வாடும். சாப்பிடாமல் போனால் திண்டுக்கல்லில் வாடும். ரயிலை விட்டு இறங்கியதும் நேரே ஒரு பிரியாணிக் கடைக்குப் போய் வயிறு முட்டத் தின்பது என்று அவன் ஏற்பாடு செய்துகொண்டான். இரண்டு வீட்டிலும் கொஞ்சமாகச் சாப்பிட்டான். பட்டாளத்தில் பிள்ளையின் வயிறு சுருங்கிவிட்டது என்று அக்காளும் தங்கையும் ஒருமித்துக் கவலைப்பட்டார்கள். அவர்கள் ஒருமித்துச் செய்த காரியங்களில் அது முதன்மையானது.

ஒருமுறை ஏதோ வேலையாக விமானத்தைக் கோயம்புத்தூர்ப் பக்கம் கொண்டுவந்தவன், அம்மாவுக்கு மட்டும் ஒரு கடிதம் போட்டான். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் கிணற்று மேட்டில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து வையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. குறித்த பாதையை விட்டு விலகுவதும் தாழப் பறப்பதும் வேலையைப் பறிக்கக்கூடிய குற்றங்கள். அம்மா ரகசியத்தைக் காப்பாற்றினாள். அதாவது ஒரு நேரத்தில் ஒருத்தியிடம் மட்டுமே சொன்னாள். செவ்வாய்க்கிழமை எங்கள் வட்டாரத்தில் கிணறு இருந்தவர்கள் அத்தனை பேரும் கிணற்று மேட்டில் வெள்ளை வேட்டி விரித்திருந்தார்கள். விமானம் தங்கள் கிணற்றுக்கு வரட்டுமே என்ற நப்பாசை. அது வந்தது. காதைப் பிளந்துகொண்டு இரண்டு சுற்று சுற்றி, எங்கும் தயங்காமல் போய்விட்டது. அடுத்த கடிதத்தில், ஊர் முழுக்க ஒரே நாளில் வெளுத்தீர்களா சித்தி, எந்தக் கிணறு என்று தெரியாமல் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன் என்று எழுதியிருந்தான்.

பெரியம்மாவுக்குச் சந்தையில் கத்திரிக்காய் விற்கிற ஒருத்தி மூலம் விஷயம் போயிற்று. “எம் மகன் வந்துட்டுப் போயிருக்கான். காய்க்காரி சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமாக்கும்,” என்று என்னிடம் சொன்னாள். நாலு மாதம் தங்கையோடு பேசவில்லை. அடுத்த லீவு முழுவதையும் தம்பி அவளோடு கழித்தான். எங்கள் அப்பா முன்பே போய்விட்டிருந்தார்; அப்புறம் பெரியப்பாவும் தவறிப்போனார். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அவர் பேரை அடித்துவிட்டுப் பெரியம்மாவின் பேரை எழுதிக்கொடுத்ததாகத் தம்பி சொன்னான். வேறு பேருக்கு அந்தத் தாளில் இடமில்லை என்றும் சொன்னான்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு போர் வந்தது. தினமும் பறக்கிறான் என்று மட்டும் தெரியும். போர் தொடங்கிய பின் அவனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, எனக்கு. இங்கே மேலிருந்து பார்த்தால் எல்லாம் நம் ஊர்போலவே இருக்கிறது. கிணறு, வரப்பு, சோளத்தட்டைப் போர். நேற்று லாரிகளைத் தேடிப் போன இடத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள், திரும்பி வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தான். சித்தியிடம் இதைப் படித்துக்காட்ட வேண்டாம் என்று கீழே கோடு போட்டிருந்தான்.

போர் நின்றதாக ரேடியோவில் சொன்னார்கள். எல்லாரும் மூச்சுவிட்டோம். ஒரு வாரம் கழித்து என் மேஜைக்கு ஒரு தாள் வந்தது. படைவீரர் குடும்பங்களைப் பற்றிய தபால்கள் என் பிரிவு. இன்ன விமானி போரில் காணாமற்போயிருக்கிறார், அவருடைய நெருங்கிய உறவினர் கண்ட முகவரியில் வசிக்கிறாரா என்று விசாரித்து அறிக்கை அனுப்பவும். வந்த தபாலுக்கு நம்பர் போடுவது முதல் வேலை. போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் பேரைப் படித்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், அரிசிப் பானையிலிருந்து தந்தியை எடுத்து வந்து நீட்டினாள். தேதியைப் பார்த்தேன். ஒன்பது நாள் ஆகியிருந்தது. யாரோ ரயில்வேக்காரரிடம் கொடுத்துப் படித்துக் கேட்டிருக்கிறாள்.

“ஏன் பெரியம்மா சொல்லல?”

“அவ குடுத்த பிள்ளை. வாங்கிட்டு வந்தவ நானு. தொலைச்சுப்புட்டேன்னு போயி எந்த வாயால சொல்ல?”

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நானும் வாரேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். பஸ் பிடித்துச் செம்பட்டிக்குப் போனோம். தங்கை வீட்டுக்குப் பூவும் பலகாரமும் இல்லாமல் அவள் ஒருநாளும் போனதில்லை. வெறுங்கையோடு அக்காள் வருவதைத் தோட்டத்திலிருந்தே பார்த்த அம்மா, கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தை நான் சொன்னேன். காணவில்லை என்றுதான் இருக்கிறது, இறந்ததாக இல்லை, பிடிபட்டும் இருக்கலாம் என்று வேறுபாட்டை விளக்கினேன். அம்மா தந்தி என்றைக்கு வந்தது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது, அக்காளைப் பார்த்து.

“ஒம்பது நாளு நான் வெஞ்சனம் வச்சு வக்கணையாத் தின்னுருக்கேனேக்கா.”

அன்று ராத்திரிக்குள் பெரியம்மா பேரில் ஒரு மனு எழுதினேன். மகன் உயிரோடு இருக்கிறானா, எதிரியின் கைதிகள் பட்டியலில் அவன் பேர் உள்ளதா என்று அறிவிக்கக் கோரும் மனு. உறவுமுறை என்ற இடத்தில் ‘தாய்’. பெரியம்மா கையெழுத்துப் போட்டாள். காரியம் அதோடு முடிந்திருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பேரிலும் ஒன்று எழுதச் சொன்னாள்.

அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் மன நிம்மதிக்கு எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டே வந்து உறவுமுறை என்ற இடத்தில் ‘சிறிய தாயார்’ என்று எழுதத் தொடங்கினேன். அம்மா மூணாவது வரை படித்தவள். தாளின் மேல் விரலை வைத்தாள்.

“இது என்ன எழுதுற?”

“சித்தின்னு எழுதுறேம்மா. பத்திரப்படி அதுதான் முறை.”

“ஏலே, உனக்கு நான் யாரு?”

“அம்மா.”

“அவன் உங்கூடப் பெறந்தவன்தான?”

நான் வேறு தாள் எடுத்தேன். ‘தாய்’ என்று எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் தபால் பெட்டியில் அவளே போட்டுவிட்டாள், பெரியம்மாவுடையதையும் சேர்த்து.

புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் மேலிடத்திலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு ஒரு தாள் வந்தது. ஒரே அதிகாரியைப் பற்றி இருவர் மனுச் செய்துள்ளனர். இருவரும் தாம் தாய் என்கின்றனர். உண்மையான தாய் யார் என்று விசாரித்து அறிக்கை அனுப்பிய பின்னரே பதில் தர இயலும். அவர்கள் செய்தது சரி. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அது வந்து சேர்ந்த மேஜை என்னுடையது.

தாளை எடுத்துக்கொண்டு தாசில்தாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த மனிதர். பாக்குப் போட்டுக்கொண்டே கேட்டார். சொந்த விஷயத்தில் நீ விசாரிக்கக்கூடாது என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டரை அனுப்பினார். அவர் போகுமுன் நான் செம்பட்டிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். நான் சித்திதான், தாய் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பதில் வரும். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு இடத்துக்கும் போய் வாக்குமூலம் வாங்கிவந்தார். அம்மா சொல்லியிருந்தாள்: “நான் சித்தி. அவனுக்கு அம்மா எங்க அக்கா. அப்படியே எழுதிக்கோங்க, அவனைப் பத்தித் தாக்கல் வந்தாப் போதும்.” பெரியம்மாவிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் சொல்லியிருந்தாள்: “பெத்தவ அவதான். நான் வாங்கி வளத்தேன். திருப்பிக் குடுத்துட்டேன்னு எழுதுங்க, தாக்கல் அவளுக்குப் போகட்டும்.” ஒருமுறை செல்லுபடியான தத்தைத் திருப்பிக்கொடுக்கச் சட்டத்தில் வழி கிடையாது என்று இன்ஸ்பெக்டர் ஓரத்தில் குறித்திருந்தார்.

தாசில்தார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“நேத்து வரைக்கும் ரெண்டு அம்மா இருந்தாங்க. இப்ப ஒருத்தரும் இல்லையேப்பா.”

பிறகு பேனாவை எடுத்து அவரே எழுதினார். சட்டப்படி தாய் மூத்தவர், பெற்ற தாய் இளையவர், இருவரும் உடன்பிறந்தவர்கள், இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், ஒரே கடிதம் போதும். நான் கடைசி விவரம் சரியில்லை என்று சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டு மை உலர ஊதினார்.

“ரிப்போர்ட்ல பொய் இருக்கக்கூடாது. சாயங்காலத்துக்குள்ள உங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்துரு.”

இப்படித்தான் அந்த மார்கழி முழுக்க அம்மா திண்டுக்கல்லில் இருந்தாள். உப்பு கூட, புளி குறைவு என்று இருவருக்கும் தினம் ஒரு சண்டை உண்டு. சண்டை ஓய்ந்ததும் அவனைப் பற்றிப் பேச்சு. முதல் ஒன்பது வருஷம் பெரியம்மாவுக்குத் தெரியாது. மற்றது அம்மாவுக்குத் தெரியாது. அவன் எந்த மாதத்தில் நடந்தான், தவழும்போது எந்தக் காலை மடக்கினான் என்று அம்மா சொன்னாள். பாஸாகாத கணக்குப் பரீட்சைத் தாளை அவன் எங்கே ஒளித்து வைத்தான், காய்ச்சலில் என்ன பிதற்றினான் என்று பெரியம்மா சொன்னாள். தெரிந்ததை எல்லாம் ஒரே நாளில் சொல்லித் தீர்த்துவிடாமல் இருவரும் மிச்சம் வைத்துக்கொண்டார்கள். ஆபீஸ் விட்டுப் போகும்போது நான் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் செத்த நேரம் கேட்டுக்கொண்டு நிற்பேன். அவர்கள் இருவரும் சிரித்ததைக்கூட ஒன்றிரண்டு தடவை கேட்டேன். கைதிகள் திரும்பி வருகிறார்கள் என்று பேப்பரில் போட்ட நாட்கள் அவை. இருவரும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பொங்கல் கழிந்து பதில் வந்தது. ஆள் அனுப்பி என்னை வரவழைத்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை நான் மனசுக்குள் படித்துவிட்டுத் தமிழில் சொன்னேன். எல்லைக்கு அப்பால் ஒரு வயலில் அவனுடைய விமானம் கிடந்தது. அவன்தான் என்று உறுதிசெய்துவிட்டார்கள். அவனுடைய மேலதிகாரி தன் கையால் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். முதல் நாளிலிருந்து தினமும் பறந்தான். அன்று அவன் போகவேண்டிய முறை இல்லை, வேறொருவனின் விமானம் பழுதானதால் இவன் ஏறிப் போனான். கீழிருந்து சுட்டது பட்டது.

 பிறகு அம்மா கடிதம் யார் பேருக்கு வந்திருக்கிறது என்று கேட்டாள். உறையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பேருடைய பேரும் இருந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக. அவற்றுக்கு எதிரே இன்னாருடைய தாய்மார் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. எந்த விதியின் கீழ் அப்படி எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. படித்துக் காட்டினேன்.

கடிதத்தில் அவன் இறந்த நாள் குறிப்பிட்டிருந்தது, திதியை அதற்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். பெரியம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

“அது அவங்க நாளு. நேத்து வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் அவன் உசிரோடதான இருந்தான்.”

அம்மா என்னிடம் இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டாள். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். தை பதினெட்டு, திங்கட்கிழமை.